தவிட்டுக்கு விற்ற தனலெட்சுமி

"உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று சொல்லிப் பிள்ளைகளை அழவைப்பது தமிழ் வீடுகளில் காசில்லாத பொழுதுபோக்கு. மூக்கு சப்பையான பிள்ளை, நிறம் மட்டான பிள்ளை, சோறு அதிகம் கேட்கிற பிள்ளை, எல்லாருக்கும் ஒருநாள் இந்தச் செய்தி வந்து சேரும். பிள்ளை உதட்டைப் பிதுக்கும். வீடே சிரிக்கும். பிறகு அம்மா தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "சும்மா சொன்னோம்டா" என்று கண்ணைத் துடைப்பாள். என் விஷயத்தில் அப்படிச் சொல்ல யாராலும் முடியவில்லை. நான் நிஜமாகவே தவிட்டுக்குப் போனவன். விற்றவள் என்னைப் பெற்ற தனலெட்சுமி. வாங்கியவள் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் மாடு வைத்திருந்த இராஜம்மா. விலை ஒரு முறம் தவிடு. நல்ல விலை என்றுதான் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தனலெட்சுமி கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் சீவி, கல்யாணமாகிக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். நல்ல உழைப்பாளி, கைமணமான சமையல்காரி, அடக்கமானவள். ஒரே ஒரு ஊனம், பொய் சொல்ல வராது. இந்த ஊனத்தோடு குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கல்யாணத்தன்று மணமேடையிலேயே ஒரு அத்தை, "மாப்பிள்ளை எப்படி இருக்காரு?" என்று காதோடு கேட்டிருக்கிறாள். வெட்கப்பட்டுத் தலைகுனிய வேண்டிய மணப்பெண் நிமிர்ந்து பார்த்து, "காது கொஞ்சம் பெருசு" என்றாளாம். அந்தக் காதுகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தன.

அப்பா நாகையா கோலாலம்பூர் ஸ்டேஷன் யார்டில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளத்தைப் பிரிக்கும் லீவரை இழுப்பதும், சிவப்புக்கொடி பச்சைக்கொடி காட்டுவதும் வேலை. தான் இழுக்காவிட்டால் கிள்ளானுக்குப் போகிற வண்டி ஈப்போவுக்குப் போய் நிற்கும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. ஒருநாள் அவர் வேலைக்குப் போகாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். விசாரிக்க யார்டு இன்ஸ்பெக்டரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நாகையாவுக்கு என்ன, காய்ச்சலா?"

"இல்லீங்க. கள்ளு" என்றாள் தனலெட்சுமி.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அப்பா வெயில் நேரத்தில் மட்டுமே வேலை பார்த்தார். இன்ஸ்பெக்டரின் அன்பளிப்பு.

இப்படிப்பட்டவள்தான் பல வருஷம் எமனிடமே பொய் சொல்லப் பழகினாள். அதற்குக் காரணம் உண்டு. எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் நடக்கப் பழகுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார்கள். அவர்களுடைய சட்டைகளை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. எனக்கும் போட்டுவிடவில்லை. நான் பிறந்தபோது அவள் சந்தோஷப்பட்டாளா என்று கேட்டேன் ஒருமுறை. "பயந்தேன்" என்றாள். அவளிடம் கேட்டால் இப்படித்தான், நாம் எதிர்பார்த்த பதில் கிடைக்காது.

யோசனை சொன்னவர் அப்பா. மேலுலகமும் ரயில்வே மாதிரிதான் நடக்கிறது என்பது அவர் கட்சி.

"இந்தா பாரு தனம். மேலயும் ஒரு ஆபீஸ்தான். அங்கயும் ஒரு கிராணி ஒக்காந்து, 'பிரிக்பீல்ட்ஸ், நாகையா மகன்'னு சீட்டு எழுதி எமன் கையில குடுப்பான். எமன் வந்து கதவத் தட்டுவான். 'அப்படி யாரும் இல்லீங்க, இது மாட்டுக்கார இராஜம்மா புள்ள'ன்னு சொல்லிட்டோம்னு வையி, அவன் என்ன செய்வான்? சீட்டுல இல்லாத ஆள ஏத்திக்கிட்டுப் போக முடியுமா? திரும்பிப் போயி பேர மாத்தி எழுதி, மேல கையெழுத்து வாங்கி... எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் குடுக்கவே எத்தன நாளாக்குனானுங்க! இவன் அதுக்குள்ள கல்யாணம் பண்ணிப் பேரன் எடுத்துருவான்."

பிள்ளை தங்காத வீடுகளில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது நம் ஜனங்களின் பழைய வழக்கம்தான். அதற்கு இவ்வளவு துல்லியமான அலுவலக விளக்கம் கொடுத்தவர் என் அப்பா ஒருவராகத்தான் இருக்கும்.

தனலெட்சுமி உடனே சம்மதிக்கவில்லை. "சும்மா வித்த மாதிரி செஞ்சா அது பொய்யில்ல? எனக்கு வாயில வராதுங்க. நிசமா விக்கணும்" என்றாள். ஆகவே நிஜமாகவே விற்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், இராஜம்மாவின் மாட்டுக்கொட்டகை வாசலில், என்னை முறத்தில் கிடத்தி அவள் கையில் கொடுத்துவிட்டு, அதே முறத்தில் தவிடு வாங்கிக்கொண்டாள். தலைதட்டிக் கொடுத்த இராஜம்மாவை நிறுத்தி, கும்பாரமாகப் போடச் சொன்னாளாம். குறைந்தால் வியாபாரம் செல்லாதாம். அந்தத் தவிட்டை எங்கள் வீட்டுக் கோழிகள் தின்றன.

இராஜம்மாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். புருஷன் எப்போதோ செத்துப்போக, பிள்ளைகுட்டி இல்லாமல், மாடுகளையும் வாயையும் வைத்துப் பிழைத்தவள். பாலில் தண்ணீர் கலப்பதாக யாராவது சொன்னால், அவர்களுடைய மூன்று தலைமுறையையும் தெருவுக்கு இழுத்துவிடுவாள். கலப்பாள் என்பது வேறு விஷயம். நான் பேச ஆரம்பித்ததும் அவளைத்தான் 'அம்மா' என்று கூப்பிடப் பழக்கினார்கள். பெற்றவள் எனக்கு 'அத்தை'. அப்பா 'மாமா'. சாப்பாடும் படுக்கையும் அத்தை வீட்டில், பகலெல்லாம் அம்மாவின் கொட்டகையில்.

அத்தை விதிகளை இம்மி பிசகாமல் கடைப்பிடித்தாள். வாசலில் வைத்து என்னைக் கொஞ்சமாட்டாள். யார் முன்னாலும் முத்தம் கொடுக்கமாட்டாள். தண்ணீர்க் குழாயடியில் யாராவது, "உன் பையனா தனம்? கண்ணு உன்ன மாதிரியே இருக்கே" என்றால், "இராஜம்மாக்கா வாங்கின புள்ள" என்று குடத்தைப் பார்த்துச் சொல்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லையே. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் என் தலையை முகர்ந்து பார்ப்பாள். ஒரு வார்த்தையும் பேசமாட்டாள். எமனுக்குக் காது உண்டு, மூக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்று நினைத்திருப்பாள்.

எமனை இப்படி நிறுத்தி வைத்திருந்த சமயத்தில் எனக்கு இழுப்பு வந்தது.

மூச்சு விடுவது ஒரு வேலை என்று மற்றவர்களுக்குத் தெரியாது. இழுப்புக்காரனுக்கு அது முழுநேர உத்தியோகம். முதலில் தொண்டையில் ஒரு அரிப்பு. பிறகு நெஞ்சுக்குள் யாரோ கதவை ஒருக்களித்துச் சாத்துவார்கள். பூனைக்குட்டி ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டு கத்தும். எனக்கு அது வந்தபோதெல்லாம் குவார்ட்டர்ஸே வைத்தியராக மாறிவிடும். தூதுவளை கொடு, ஓமத்தை வறுத்து ஒத்தடம் கொடு, வெள்ளைப்பூண்டைப் பாலில் வேகவை, சாம்பிராணி போடு. அதிலும் சாம்பிராணி போடுவதில்தான் எல்லாருக்கும் ஆர்வம். மூச்சுக்குத் திணறும் பிள்ளையைச் சுற்றிப் புகையைப் போட்டு, கதவு ஜன்னலையும் அடைத்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். எனக்குப் பதில் சொல்ல மூச்சு இருக்காது. குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.

சாம்பிராணி போட்டும் போகவில்லை என்றால் இராஜம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் தவிட்டு மூட்டையின் மேல் உட்காரவைப்பாள். வாங்கிய விலையை எமனுக்கு ஞாபகப்படுத்துகிறாளாம். அங்கே இழுப்பு இன்னும் கூடும். எமன் கடுமையாகப் போராடுகிறான், நாம்தான் விடக்கூடாது என்பாள்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த முப்பதுகளின் தொடக்கம் அது. அரிசி ஆலைகளில் தவிடு மலிவாகக் கிடைத்தது. இராஜம்மா ஒரு மாட்டுவண்டி நிறைய வாங்கிவிட்டாள். வண்டி வந்த அன்று காலையில் மூட்டைகளை அவிழ்த்துக் குதிரில் கொட்டினார்கள். மழையில்லாத நாள். கொட்டகை முழுக்கப் பழுப்பாகத் தூசி. எனக்கு அது திருவிழா. குதிருக்குள் குதித்து, தவிட்டை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு, மாடுகளுக்கு அபிஷேகம் செய்துகொண்டிருந்தேன்.

பிறகு நெஞ்சுக்குள் கதவைச் சாத்தினார்கள். இந்தத் தடவை ஒருக்களித்து அல்ல. பூனைக்குட்டிகூடக் கத்தவில்லை. வெளியே விட்ட மூச்சை உள்ளே எடுக்க வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, எதிரே நின்ற சிவப்பு மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

"ஏ தனம்! ஓடியா! புள்ள உதடு நீலமாப் போச்சு!" என்று இராஜம்மா போட்ட சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

தனலெட்சுமி குழாயடியில் துணி கும்மிக்கொண்டிருந்தாள். சோப்புக் கையோடு வந்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். தூதுவளை, ஓமம், சாம்பிராணி எதையும் அவள் கேட்கவில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். பின்னாலேயே இராஜம்மா, தலையிலும் புருவத்திலும் தவிடோடு.

ரயில்வே ஆட்களுக்கென்று ஒரு சின்ன ஆஸ்பத்திரி யார்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ரோட்டு வழியாகப் போனால் சுற்று. அவள் தண்டவாளங்களின் குறுக்கே இறங்கினாள். அந்த நேரத்தில் அங்கே ஒரு எஞ்சின் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்னோக்கி வந்தது. கொடியோடு நின்றவர் நாகையா.

"ஏய்! யாரும்மா அது! லைன்ல எறங்கக் கூடாது! தெரியாது?" என்று கத்தியிருக்கிறார். பிறகுதான் யாரென்று தெரிந்திருக்கிறது. சிவப்புக்கொடியை விரித்துப் பிடித்தபடியே அவரும் கூட ஓடிவந்துவிட்டார். எஞ்சின் நின்றது. டிரைவர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். அன்று கிள்ளானுக்குப் போகவேண்டிய சரக்கு வண்டி எங்கேயும் போகவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அப்பா சொன்னது சரியாகப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே போயிருந்தார். இருந்தவர் டாக்டருக்கு உதவியாக மருந்து கொடுக்கும் கார்த்திகேசு டிரஸர். யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளைக் கோட்டு, சுத்தமான கை. என்னைப் பார்த்தவுடனேயே ஊசியைக் கொதிதண்ணீரிலிருந்து எடுத்து மருந்தை ஏற்றிவிட்டார். ஊசி என் கைக்குப் பக்கத்தில் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது ஒரு கேள்வி கேட்டார். கேட்காமல் அவரால் இருக்க முடியாது. போன மாதம்தான் வழியில் போன ஒருத்தனுக்கு இரக்கப்பட்டு மருந்து கொடுத்து, இன்னொரு முறை வெளியாளுக்குக் கொடுத்தால் வேலை போய்விடும் என்று மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்பே இரக்கம் அங்கே வந்து அவருக்குக் கெடுதல் செய்துவிட்டுப் போயிருந்தது.

"இது ஆற்றை பிள்ளை? கெதியாச் சொல்லுங்கோ. ரயில்வே ஆக்களின்ர பிள்ளையெண்டால்தான் இஞ்ச ஊசி போடலாம்."



யாருடைய பிள்ளை என்பது மற்றவர்களுக்கு ஒரு கேள்வியே அல்ல. எங்கள் வீட்டில் பல வருஷமாகப் பயந்து காத்திருந்த கேள்வி இதுதான். பிள்ளை நீலமாகிக் கிடக்கிறது. அப்படியென்றால் எமன் எங்கேயோ அல்ல, அந்த அறைக்குள்ளேயே சீட்டோடு நிற்கிறான். வெள்ளைக் கோட்டுக்காரர் கேட்கிற கேள்வியைத்தான் அவனும் கேட்கிறான். இப்போது போய் வாயைத் திறந்து விலாசம் கொடுப்பதா?

டிரஸர் அப்பாவைப் பார்த்தார். யூனிபாரம், கையில் கொடி. தெரிந்த முகம்.

"நாகையா, இது உம்மட பிள்ளைதானே?"

அப்பா கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"இல்லீங்கய்யா."

"பின்னை ஏன் காணும் அழுறீர்?"

"பக்கத்து வீட்டுப் புள்ளைங்கய்யா" என்று சொல்லிச் சிவப்புக்கொடியில் மூக்கைச் சிந்தினார்.

என்னைப் பெற்ற தகப்பன் என் உயிரைக் காப்பாற்ற எடுத்துக்கொண்ட முயற்சி இது. அவரைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? சட்டத்தை அவர்தான் இயற்றினார், அவரே மீறலாமா?

இராஜம்மா முன்னால் வந்தாள். "எம்புள்ளதான். போடுங்க ஊசிய."

"உம்மட மனுசன் ரயில்வேயோ?"

"எனக்கு மனுசனும் இல்ல, ரயிலும் இல்ல. மாடுதான் இருக்கு."

"மனுசன் இல்லாட்டில் பிள்ளை எங்காலை வந்தது?"

"வாங்கினேன்."

"என்னது?"

"ஒரு முறம் தவிடு குடுத்து வாங்கினேன். குவார்ட்டர்ஸ் பூராத்துக்கும் தெரியும். கேட்டுப் பாருங்க."

கார்த்திகேசு ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். ஏழைப் பெண்பிள்ளைகளை விலைக்கு வாங்கி வீட்டுவேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்று சர்க்கார் சட்டம் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. "கடவுளே! பிள்ளையை வாங்கினனியோ? அது குற்றமெண்டு தெரியாதே? இது பொலிசுக்குப் போற விசயம்!"

"போலீஸக் கூப்புடு. நானே வரேன். மொதல்ல ஊசியப் போட்டுட்டுக் கூப்புடு!" என்று இராஜம்மா தன் இரண்டு கையையும் சேர்த்து அவர் முன்னால் நீட்டினாள், விலங்கு மாட்டிக்கொள்ளத் தோதாக. கையெல்லாம் தவிடு.

நான் மேஜையில் கிடந்தேன். அவர்கள் பேசுவது எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலக் கேட்டது. அத்தையின் முகம் மட்டும் எனக்கு நேர் மேலே இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அறையின் மூலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த மூலையில் நிற்கிறான் என்று தேடினாள் என்று நினைக்கிறேன். பிறகு ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, அதைப் பார்த்தே பேசினாள்.

"எம்புள்ள. நான் பெத்தது. பேரு பாலன். இந்தா நிக்கிறாரே நாகையா, அவருதான் அப்பன். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ், மூணாவது வரிசை, கடைசி வீடு. எவன் கேட்டாலும் இதான் பதிலு. போடுங்கய்யா ஊசிய."

அப்பா, "தனம்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். விலாசத்தை இவ்வளவு விவரமாகக் கொடுத்திருக்க வேண்டாம் என்று அவருக்குக் கடைசிவரை மனத்தாங்கல்.

தனலெட்சுமியின் தைரியத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எமனாவது மண்ணாவது என்று உதறிவிட்டுப் பேசியவள் அல்ல அவள். எமன் அங்கே நிற்கிறான் என்று முழுசாக நம்பினாள். சொன்னால் அந்த நிமிஷமே கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்றும் நம்பினாள். சொல்லாவிட்டால் ஊசி இல்லை. இரண்டு பக்கமும் சாவு என்றிருந்த இடத்தில், அவள் உண்மையின் பக்கம் போய் நின்றாள். அந்தப் பக்கம்தான் அவளுக்குப் பழக்கம்.

ஊசி இறங்கியது. அட்ரினலின் என்று பெரியவனான பிறகு தெரிந்துகொண்டேன். முதலில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கையும் காலும் உதறின. அதைப் பார்த்து அப்பா ஓவென்று அழ ஆரம்பித்தார். பிறகு உள்ளே எங்கேயோ கதவு கொஞ்சம் திறந்தது. பூனைக்குட்டி கத்தியது. அந்தச் சத்தம் கேட்டு ஒரு வீடே சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டர் வந்து சேர்ந்தபோது நான் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர். என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு என் தலைமுடியில் விரலை விட்டு எடுத்து, விரலைப் பார்த்தார். இராஜம்மாவின் புருவத்தைப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

கார்த்திகேசு தமிழில் சொன்னார். "உந்தத் தவிட்டுத் தூசிதானாம் காரணம். இனிமேல் பிள்ளையைத் தவிட்டுப் பக்கமே விடக்கூடாதாம்."

 எமனிடமிருந்து ஒளித்துவைக்க எங்கள் பெரியவர்கள் எந்தச் சாமானைக் கொடுத்தார்களோ, அதற்குள்ளேயே என்னைத் தினமும் குளிப்பாட்டி, மூட்டையின் மேல் உட்காரவும் வைத்திருந்தார்கள். எமன் கஷ்டப்பட்டுத் தேடவே வேண்டியிருக்கவில்லை. இராஜம்மா ஒரு அடி பின்னால் போனாள். இன்னொரு அடி போனாள். அப்படியே சுவரோரமாக நகர்ந்து வெளியே போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பாவுக்கு யார்டிலிருந்து ஆள் வந்து, நாளை காலையில் இன்ஸ்பெக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கவலை அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மேலிடத்துக் கவலைதான் அரித்தது.

"தனம், இப்ப சீட்ட சரியா எழுதிருப்பானுங்க. விலாசம் வேற குடுத்துட்ட. ரொம்ப சூசாலா, பெரிய சிக்கல் இது. ஒன்னு செய்வோம். காய்கறி விக்கிற சீனன் இருக்கான்ல, நல்ல மனுசன். அவன்கிட்ட வித்துருவோம். சீனனுக்கு எமன் வேற, ஆபீஸ் வேற. நம்ம ஆளு அங்க போயி விசாரிக்கவே முடியாது."

தனலெட்சுமி அடுப்பை ஊதாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. புகை வேண்டாம் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

"வேணாங்க. இனிமே விக்கிறதுக்கு இல்ல. வரட்டும், கேக்கட்டும். எம்புள்ளன்னுதான் சொல்லுவேன். கூட்டிட்டுப் போறேன்னு சொன்னான்னா, அப்புறம் பாத்துக்குறேன்."

என்ன பார்த்துக்கொள்வாள் என்று அப்பா கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. சோப்புக் கையைக்கூடக் கழுவாமல் எஞ்சினுக்கு முன்னால் இறங்கியவள் அவள்.

அப்போது வாசலில் நிழல் தெரிந்தது. இராஜம்மா. தலைக்குக் குளித்து, முடி சொட்டச் சொட்ட, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். படியேறாமல் கீழேயே நின்றாள். தெருவையே கூட்டுகிற தொண்டை, அன்று அவளுக்கே கேட்காத மாதிரி பேசியது.

"மூச்சு எப்படி இருக்கு தனம்?"

"பரவால்லக்கா. உள்ள வாங்க."

"வேணாம். எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கும்." புடவை முந்தானையை உதறினாள். ஏற்கெனவே பலமுறை உதறியிருப்பாள். "மாட்டயெல்லாம் வித்துரலாம்னு பாக்குறேன். வண்டிக்காரன்ட்ட சொல்லிட்டேன்."

"எதுக்குக்கா? கொட்டகப் பக்கம் இவன விடலன்னா போச்சு."

இராஜம்மா சொட்டுகிற முடியைப் பிழிந்தாள். பிறகு கேட்டாள். "அதில்ல தனம். நீ அங்க சொன்னது சரிதான். நீதான் சொல்லணும். ஆனா இனிமே இவன் என்னை என்னன்னு கூப்புடுவான்?"

அப்பா கூரையைப் பார்த்தார். எமனோ வேறு யாரோ கேட்டுக்கொண்டிருந்தால் என்ன பதில் சொல்வது சௌகரியம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். தனலெட்சுமிக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"அம்மான்னுதான் கூப்புடுவான். போலீசுக்குக் கைய நீட்டுனீங்களே, அதுல என்ன பொய்யி இருக்கு?"

பொய் சொல்லத் தெரியாதவள் சொன்னாள். இராஜம்மாவுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. இடி மாதிரி கத்தத் தெரிந்த அந்தப் பெண் சத்தமே இல்லாமல் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

எனக்குத் தாகமாக இருந்தது. யாரைக் கூப்பிடுவது என்று குழப்பம். அத்தையை இனி அத்தை என்று சொல்லக்கூடாது என்று வழியிலேயே சொல்லிவிட்டிருந்தாள். வாயில் வராத புதிய பழக்கம். மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "அம்மா, தண்ணி" என்றேன்.

உள்ளே ஒருத்தி எழுந்தாள். வெளியே ஒருத்தி, தூசி கீசி எல்லாம் மறந்து, படியேறி உள்ளே வந்துவிட்டாள். குவளை இருந்தது ஒன்று, அதைப் பிடித்த கை நாலு. தண்ணீர் பாதி என் சட்டையில் கொட்டியது.

அப்பா பெருமூச்சு விட்டார். "இப்ப வந்தான்னா எமனுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

அவன் வரவில்லை. எத்தனையோ வருஷம் ஆயிற்று. எனக்கு இப்போது தலை நரைத்து, பல் போய், பேரப்பிள்ளைகள் என்னைக் கேலி செய்கிறார்கள். இழுப்பு மட்டும் இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும்போது, கதவைச் சாத்திவிட்டு என் தலையை முகர்ந்து பார்க்க இரண்டு அம்மாக்களுமே இல்லை.